ஸ்ட்ரீக் ஆப்பா, சுவர் காலண்டரா?

தினமும் காலையில் அரை மணி நேர நடை, ராத்திரி படுக்கும் முன் பத்துப் பக்கம் வாசிப்பு. இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ள மூன்று வழி பார்த்தாயிற்று. விடாமல் செய்த நாட்களை எண்ணி ‘ஸ்ட்ரீக்’ என்று காட்டும் ஒரு ஹாபிட் ஆப்பில் ஐந்து மாதம் ஓட்டினேன். டைரி பொங்கலைத் தாண்டவில்லை. சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் இப்போது பதினாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நினைக்க வேண்டாம், நான் காலண்டர் கட்சி.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஆப் நேரத்துக்கு நினைவூட்டும், வரைபடம் காட்டும், எங்கே போனாலும் பையிலேயே இருக்கும். காலண்டர் இதில் ஒன்றையும் செய்யாது. மளிகைக்கடையில் சும்மா கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்த அம்சங்களை மட்டும் வரிசை போட்டால் ஆப்தான் ஜெயிக்கும், நானும் அப்படித்தான் முதலில் அதை எடுத்தேன்.

ஆனால் ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது, பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: ஒரு நாள் தவறினால் மறுநாள் காலை என்ன நடக்கிறது?

என் ஆப்பில் 47 நாள் தொடர்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் கடைசிப் பத்துப் பதினைந்து நாளே கொஞ்சம் கோளாறுதான். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நினைவு வந்து, ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்து கணக்கை நேர் செய்வேன். ஒரு தடவை நடக்காமலேயே டிக் போட்டதும் உண்டு. நடையைக் காப்பாற்றுகிறேனா, எண்ணைக் காப்பாற்றுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் ஒரு கல்யாணம், ராத்திரி பஸ், மறுநாள் பந்தி, பேச்சு, தூக்கம் என்று போய், ஆப்பைத் திறந்தால் 47 இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் 0. ஒரே ஒரு நாள் நடக்காததற்கு 47 நாளும் நடக்கவே இல்லை என்பது போல. மறுநாள் நடந்தால் 1 வரும். அந்த 1-ஐப் பார்க்கவே வெறுப்பாக இருந்ததால் மூன்று வாரம் செருப்பைக்கூட மாட்டவில்லை.

காலண்டரில் இது வேறு மாதிரி. போன வருடம் காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டேன். நாலு கட்டம் வெறுமையாக இருந்தது, சரி, ஆனால் அதற்கு முன்னால் போட்ட கோடுகள் எங்கேயும் போய்விடவில்லை, பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவில் அப்படியே நின்றன. ஐந்தாம் நாள் போய் ஒரு கோடு போட்டால் அது முதல் கோடு இல்லை, அந்த மாதத்தின் பதினெட்டாவது கோடு. இன்னொன்று, அந்தக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது அம்மா. “ஏன்டா, புதன்கிழமையோட உன் கோடு நின்னுபோச்சு?” என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், எந்த நோட்டிஃபிகேஷனையும் தள்ளிவிட்ட மாதிரி அதைத் தள்ளிவிட முடியாது.

இது என் மனக்கோணல் மட்டும் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு வேலை தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுவாக்கில் 66 நாள் ஆவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் கணக்கு 18-இலிருந்து 254 வரை போகிறது (12 வாரத்தைத் தாண்டுவதெல்லாம் மதிப்பீடு), ஆக 21 நாளில் பழக்கம் ஒட்டிவிடும் என்பதை நம்பி 22-ஆம் நாள் நொந்துகொள்ள வேண்டாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: இடையில் ஒரு தடவை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அப்படியென்றால் அந்த 0 பொய்தானே?

டைரிக்கு வருகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. மூடினால் மறந்துவிடும், அதுதான் அதன் வியாதி. பழைய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் மாதிரி ஆளுக்கு அது சரி. 13 நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்றில் கூடுதல் கவனம் வைத்து, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைத்தார். புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானதால், பிற்பாடு துடைத்து எழுதும் தந்தத் தகடுகளுக்கு மாறினார். தப்பை மட்டுமே குறிக்கும் அந்த நோட்டு என் கையில் இருந்தால் மூன்றாம் நாளே பரண் மேல் ஏறியிருக்கும்.

ஆப் பக்கம் நியாயமும் உண்டு. எல்லா ஆப்பும் பூஜ்யத்தில் தள்ளுவதில்லை. லூப் ஹாபிட் டிராக்கரில் தொடர்ச்சியோடு ஒரு மதிப்பெண்ணும் உண்டு, நாலு நாள் விட்டால் அது கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இலவசம், விளம்பரமும் கிடையாது. நான் முதலில் அதை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கலாம். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவருக்குச் சுவர் எதற்கு, அவர் அதையே எடுக்கட்டும். வீட்டில் நாலு பேர் பார்க்கக் கூடாத பழக்கம் என்றாலும் அப்படியே. சிகரெட்டை விடுவது போன்ற விஷயத்தில் அந்த 0 தரும் பயமே உதவுமோ என்னவோ, நான் புகைத்ததில்லை, அதனால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பழக்கத்துக்கு மேல் காலண்டரில் ஏற்றியதும் இல்லை, ஏற்றினால் அம்மா பால் கணக்கு எழுத இடம் இருக்காது.

காலண்டர்தான் என்று முடிவு செய்தால் தினசரித் தாள் கிழிக்கிற ரகம் வேண்டாம். கிழித்ததும் உங்கள் கோடு குங்குமம் மடிக்கப் போய்விடும். கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டராக வாங்குங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டாலும், நம் மளிகைக்கடைக்காரர் கையிலிருந்து வாங்க மார்கழி ஆகிவிடும், அதுவும் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டுப் பாருங்கள். வழவழப்பான தாளில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும். ஒரு மார்க்கரை நூலில் கட்டி ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன், ஏனென்றால் பேனா தேடப் போய் இரண்டு நாள் கோடு போடாமல் விட்டதும் நான்தான்.