மூன்று ஹிட், ஒரே ரீசன் கோடு

சரக்கு வாங்குபவரின் பெயர் தடைப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் ஸ்கிரீனிங் மென்பொருளை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பட்டியல்கள் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகின்றன, பெயர்களை ஒப்பிடுவதும் மோசமில்லை. அதையெல்லாம் விற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் ரீசன் கோடு மேல்தான், அதாவது தடுத்ததை ஏன் விடுவிக்கிறோம் என்று பதியும் காரணக் குறியீடு.

ஒரு ஷிப்மென்ட் பிளாக் ஆகிறது. வாங்கும் நிறுவனத்தின் பெயருக்கு மூன்று ஹிட், அதாவது பட்டியலில் ஒத்துப்போகும் மூன்று பெயர்கள், என்று வையுங்கள். முதலாவது, அமெரிக்கக் கருவூலத் துறையின் தடை அலுவலகமான ஓஃபாக்கின் (OFAC) எஸ்.டி.என். பட்டியலில், அதாவது சொத்து முடக்கப்பட்டவர்கள் பட்டியலில், உள்ள ஒரு தனிநபர். இரண்டாவது, ஒரு கப்பல். மூன்றாவது நிறுவனம்தான், ஆனால் நாடும் பதிவு எண்ணும் வேறு. மூன்றையும் தள்ள மூன்று காரணம் இருக்கிறது. திரையோ மொத்தத்துக்கும் ஒரே கோடு கேட்கிறது! எதைப் போட்டாலும் மற்ற இரண்டுக்குப் பொருந்தாது. கடைசியில் எல்லோரும் 'இதர' என்று போட்டு ரிலீஸ் செய்துவிடுகிறார்கள். குறிப்பில் எழுதலாமே என்றது சப்போர்ட். எழுதலாம், அதை வைத்து ரிப்போர்ட் எடுக்க முடியாதே.

ஓஃபாக் விதிப்படி ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்தது, 2025 மார்ச் 12 முதல் 10 ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் ரிலீஸ் செய்தவர் எங்கே இருப்பாரோ. ஆடிட்டர் கையில் 'இதர' மட்டும் இருக்கும்.

கோடு அமைப்பது என்னவோ சுலபம்தான். 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' (தவறான பொருத்தம்) என்று ஒன்றை வைத்து முடித்துவிடாதீர்கள், அது முடிவு, காரணம் அல்ல. பிறந்த தேதி வேறு, நாடு வேறு, தனிநபர் அல்ல நிறுவனம் என்று பிரித்து வையுங்கள். லைசென்ஸுக்குத் தனி கோடு கட்டாயம். அங்கே ஹிட் உண்மை, அனுமதி இருப்பதால்தான் விடுகிறோம். பங்குரிமை சரிபார்த்ததற்கும் ஒன்று வேண்டும். எஸ்.டி.என். பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் முடக்கப்பட்டதுதான்.

ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். பட்டியலில் ஒரு பதிவு மாறினால், அதைத் தள்ளிக் கொடுத்த பழைய ரிலீஸ் தானாக ரத்தாகிறது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் மறுபடி வரிசையில் வந்து நின்றார். பட்டியலில் இருந்தவருக்குப் புதிதாக ஒரு மாற்றுப்பெயர் சேர்ந்திருந்தது. பார்த்தோம், இவர் அவரில்லை. ஆனாலும் யாரும் சொல்லாமலே அது நடந்ததில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

சரி, வாங்கலாமா? ஹிட்டுக்கு ஒரு கோடு என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வேண்டாம். நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் போகிறோம். இத்தனை ரிலீஸ் வரலாற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற இங்கே யாருக்கும் தெம்பில்லை.