ஓசோன் வாட்ச் சைட்டும் 35 லட்சம் சிலிண்டரும்

எங்க ஃபேமிலி குரூப்ல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டாரு, ப்ளேன்ல கேஸ் ஏத்திட்டு போயி துருவத்துல அடிச்சா ஓசோன் ஓட்டை மூடிக்கும், இத எப்பவோ கண்டுபுடிச்சுட்டு மறைக்கறாங்கன்னு. அது நெஜமான்னு தேடப்போயி தான் நாசாவோட ஓசோன் வாட்ச் சைட்டுல விழுந்தேன், அப்பறம் வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா காபியும் கையுமா அதத்தான் தெறந்து வெச்சிருக்கேன்.

ஃப்ரீ தான். அண்டார்டிகாவ மேல இருந்து எட்டிப்பாக்கற மாதிரி ஒரு வட்ட மேப், நீலம் ஊதான்னா ஓசோன் கம்மி, மஞ்சள் செவப்புன்னா ஜாஸ்தி. கணக்கு டாப்சன் யூனிட்ல இருக்கும், பயப்பட வேணாம், 300 டாப்சன்னா நம்ம தலைக்கு மேல இருக்கற மொத்த ஓசோனையும் தரைக்கு கொண்டாந்து அமுக்கினா 3 மில்லிமீட்டர் தடிமன் வரும், அவ்ளோதான். 220க்கு கீழ போன எடத்த தான் ஓட்டைங்கறாங்க, துணில விழற ஓட்டை மாதிரி ஒண்ணும் கெடையாது. 1994 செப்டம்பர் 30ல 73 வரைக்கும் எறங்கியிருக்கு, அதாவது முக்கால் மில்லிமீட்டர் கூட இல்ல.

சரி சித்தப்பா மேட்டருக்கு வரேன். அது பாதி நெஜம்ங்க! 1991ல சிசரோன், எலியட், டர்கோன்னு மூணு விஞ்ஞானிங்க கம்ப்யூட்டர் மாடல்ல போட்டு பாத்து, வருஷத்துக்கு 50,000 டன் ஈத்தேனோ புரொப்பேனோ அண்டார்டிகா மேல விட்டா ஓசோன் அழியறத தடுக்கலாம்னு எழுதினாங்க, ஓசோன அழிக்கற குளோரின அது ஹைட்ரஜன் குளோரைடா கட்டிப்போட்டுரும்னு ஐடியா. நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் கணக்குல கிட்டத்தட்ட 35 லட்சம் சிலிண்டர், அதுவும் வருஷா வருஷம். இதுல கூத்து என்னன்னா அளவு கொறைஞ்சா சில சமயம் ஓட்டை இன்னும் மோசமாகும்னு அவங்களே அதே கட்டுரைல சொல்லிட்டாங்க. அப்பறம் விட்டுப்போன ஒரு வேதிவினைய சேத்து பாத்தா திட்டமே நிக்கல, ஏன்னா அங்க மைனஸ் 78 டிகிரிக்கு கீழ உருவாகற மேகத்துகள் மேல அந்த ஹைட்ரஜன் குளோரைடே திரும்ப குளோரின அவுத்து விட்டுருது. மறைக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல, போட்டவங்களே கைய விட்டுட்டாங்க.

சைட்டுல எனக்கு ரொம்ப புடிச்சது ஓட்டையோட பரப்ப காட்டற வருஷ கிராஃப். 2006 எடுத்து பாருங்க, சராசரியா 2.66 கோடி சதுர கிலோமீட்டர், எட்டு இந்தியா. அடுத்து 2019 பாருங்க, செப்டம்பர்ல கோடு ஏறிட்டே போயி திடீர்னு சரியும். முதல் தடவ பாத்தப்ப ஓட்டை ஆறிடுச்சுன்னு நெனச்சு குதிச்சுட்டேன், பாத்தா மேல் வளிமண்டலம் சூடானதுல துருவச் சுழல் (துருவத்த சுத்தி வீசற, குளிர உள்ள அடைச்சு வெக்கற காத்து வளையம்) நொந்து போயிருக்கு, அவ்ளோ தான், அடுத்த வருஷமே திரும்ப பெருசா வந்துருச்சு. ஒரு சுழல் மூடு மாறினா இவ்ளோ மாறுது, இதுல நாம ப்ளேன்ல போயி கேஸ கரெக்ட் அளவுல கலக்கப் போறமாம்.

நெஜமான வைத்தியம் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் தான், ஃப்ரிட்ஜ்லயும் ஸ்ப்ரேலயும் இருந்த சிஎஃப்சிய, அதாவது அந்த குளோரின மேல கொண்டு போற வாயுவ, நிறுத்தினது. மெதுவா தான் வேலை செய்யுது, அண்டார்டிகா மேல 1980 அளவுக்கு வர 2066 பக்கம் ஆகும்ங்கறாங்க, ஆனா 2025 ஓட்டை 1992ல இருந்து பாத்தா அஞ்சாவது சின்னது.

என் மார்க் 5க்கு 4.5. தமிழ்ல இல்லாததுக்கு அரை மார்க் கட். அப்பறம் அந்த ஊதா கலர் இவ்ளோ அழகா இருக்க வேணாம், என் பொண்ணு அத வால்பேப்பரா வெச்சுட்டா.

சித்தப்பாவுக்கு எல்லாத்தையும் விலாவாரியா அனுப்பினேன். "35 லட்சம் சிலிண்டருக்கும் சப்சிடி உண்டா"ன்னு கேக்கறாரு.