ஆட்டோமேட்டிக் காரில் டிரைவ், ரிவர்ஸ் போடும்போது இடிக்கிறதா? வால்வ் பாடிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வேளச்சேரி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வால்வ் பாடி (கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் கியர்பாக்ஸ் பாகம்) போய்விட்டது என்று சொல்லி என்னிடம் 92,000 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு இருந்தது வேறு இடத்தில்.

என்னுடையது ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும்) வகை. பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் போட்டால் டொம் என்று ஒரு இடி, டிரைவ் போட்டாலும் அதே, ஏசி ஓடினால் இன்னும் பலமாக. ஆனால் ஓட்டும்போது கியர் மாறுவதில் துளி உதறல் இல்லை. இதைத் தெளிவாகச் சொன்னேன், ஜாப் கார்டிலும் எழுத வைத்தேன். ஓடும்போது ஒழுங்காக மாறுகிற கியர், நிற்கும்போது மட்டும் இடிக்கிறது என்றால் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

அவர்கள் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்கேனரை மாட்டி, திரையில் பி 0700 என்ற பழுது எண் (கோடு) வந்ததைக் காட்டி, "சார், கியர்பாக்ஸ் கோடு வந்திருக்கு, இப்படியே ஓட்டினா மொத்தமா ஓவர்ஹால்தான்" என்றார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோடு பதிவாகியிருக்கிறது, அதைத் தனியாகப் போய்ப் பார் என்பது மட்டுமே. அதை வைத்து எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது. உள்ளே இருந்தது வோல்டேஜ் குறைவு என்ற பழைய கோடு, பேட்டரி இறங்கிய காலத்தில் பதிவானது. அதை எனக்குக் காட்டவே இல்லை.

வால்வ் பாடி மாற்றி வண்டி வந்தது. அதே இடி. கூடவே இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது புதிதாக ஒரு குலுக்கல். கேட்டால், "கொஞ்சம் ஓட்டுங்க சார், தானா செட் ஆகிடும்."

அப்புறம் அம்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்றுகொண்டு (காருக்கு முன்னால் யாரையும் நிறுத்தாதீர்கள்) டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் எகிறியது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கிப் பிடிக்கும் பாகம்) ரப்பர் கிழிந்து இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. கியர் விழும் நொடியில் இன்ஜின் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், அதைத் தாங்கத்தான் அந்த ரப்பர். அடுத்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்து, சும்மா நிற்கும்போதே ஆர்பிஎம் 1,000-க்கு மேல் இருந்தது. 700, 800-ல் நிற்க வேண்டிய வண்டி அது. ஐடிலிங் ஏற ஏற, கியர் விழும் அடியும் பலமாகும். மவுண்ட், த்ராட்டில் பாடி சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். இடி நின்றது.

குலுக்கலுக்குக் காரணம் ஆயில். முதல் ஒர்க்‌ஷாப் பில்லில் வெறும் "ஏடிஎஃப்" (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்றுதான் இருக்கிறது, எந்த ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு வார்த்தை இல்லை. கார் கம்பெனி எந்த ஆயில் சொல்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆயிலைப் பொறுத்தது. சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிக்குச் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும். அளவு பார்ப்பதும் கம்பெனி சொன்ன சூட்டில்தான். இவர்கள் அதைச் சரியாகப் பார்க்காமலே மூடியிருக்க வேண்டும், சரியான ஆயில் மாற்றும்போது பழையது குறைவாகத்தான் வடிந்தது. மாற்றியதும் குலுக்கலும் போனது.

வால்வ் பாடியே போவதில்லை என்று நான் சொல்லவில்லை. போகும். ஆனால் மவுண்ட், ஐடிலிங், ஆயில், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் உள்ள உண்மையான கோடு, தேவைப்பட்டால் கேஜ் மாட்டி ஆயில் பிரஷர், இத்தனையும் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது.

என்னை அதிகம் கோபப்படுத்தியது ஒன்று உண்டு. கழற்றிய பழைய வால்வ் பாடியைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்" என்றார்கள். அது நன்றாகத்தான் இருந்திருக்கும், வேறு யாருடைய வண்டியிலாவது இந்நேரம் ஏறியிருக்கும். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இரண்டு பில்லும், அம்பத்தூர் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையும், கிழிந்த மவுண்ட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி வால்வ் பாடி மாற்றச் சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.