பன்னிரண்டு நாள் யாத்திரையில் மாமல்லபுரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்

முதலில் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். கூட்டிக்கொண்டு போன யாத்திரைச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் சமையல்காரருக்காகப் போட்டது. மாமல்லபுரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. சேவையின் பெயரை எழுதவில்லை, இலங்கையின் வன்னியில் சனத்தைத் திரட்டி இந்தியாவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் கன பேர், இந்தக் கதை அவர்களில் பாதிப் பேருக்காவது பொருந்தும்.

நானும் அம்மாவும் முள்ளியவளையில் இருந்து போனோம். முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், கிளிநொச்சி ஆட்கள் என்று மொத்தம் 32 பேர். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம். முந்தி என்றால் இரவிரவாக பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் காத்துக்கிடந்து, ஊரில் இருந்து வெளிக்கிட்ட உடுப்போடேயே இரண்டு நாள் போய்விடும். இந்த முறை அம்மா விபூதியைப் பூசி, முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக் கண்ணை மூடினா, திறக்கச் சென்னை. சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் எல்லாம் குறை சொல்ல முடியாது. சமையல்காரர் ஊரில் இருந்தே எங்கட தூள் கொண்டு வந்திருந்தார், மதுரையில் காலையில் புட்டும் சம்பலும் என்றால் வயது போன ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

பிழைத்தது பத்தாம் நாள். துண்டுப்பிரசுரத்தில் "மாமல்லபுரம், அரை நாள்" என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கும்போது மணி 12.10. திரும்ப பஸ்ஸில் ஏற்றும்போது 1.40. ஓகஸ்ட் வெயில், அதுவும் கருங்கல்லுக்கு நடுவில்.

அதைவிடப் பெரிய விசயம் நுழைவுச்சீட்டு. ஊரில் காசு கட்டும்போதே "வெளிநாட்டவர் கட்டணம்" என்று ஆளுக்கு 600 இந்திய ரூபா தனியாக வாங்கியிருந்தார்கள். கவுண்டரில் நின்ற நேரம் பலகையை வாசித்தேன். இந்தியருக்கு 40 ரூபா, சார்க் நாட்டவருக்கும் பிம்ஸ்டெக் நாட்டவருக்கும் அதே 40 ரூபா, மற்ற வெளிநாட்டவருக்குத்தான் 600. இரண்டுமே அயல்நாடுகளின் கூட்டமைப்பு, இலங்கை இந்த இரண்டிலுமே இருக்கிறது. கடவுச்சீட்டை நீட்டினேன், உள்ளே இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு 40 ரூபாச் சீட்டைக் கிழித்துத் தந்தார். அவ்வளவுதான் சங்கதி. பொறுப்பாளரிடம் கேட்டால், "அது முந்தின போர்ட் தம்பி, வெயிலுக்குள்ள நிண்டு கதைக்காதையுங்கோ, அம்மாவுக்கு மயக்கம் வந்திடும்" என்கிறார். 560ஐ 32 ஆல் பெருக்கிப் பாருங்கள், 17,920 இந்திய ரூபா. ஆகவே யார் போனாலும் கடவுச்சீட்டை ஹோட்டல் அறையிலோ பொறுப்பாளரின் பையிலோ விடாமல் கையில் வைத்திருங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டுத்தான், எறிந்துவிடாதீர்கள்.

அம்மாவின் முறைப்பாடு வேறு. கடற்கரைக் கோயிலைச் சுற்றி வந்துவிட்டு, "பூசை இல்லை, ஐயர் இல்லை, எண்ணெய் மணம்கூட இல்லை. கும்பிட ஏலாத கோயிலுக்கு ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று கேட்டா. சரி, பூசை நடக்கிற கோயிலுக்குப் போவோம் என்று பெருமாள் கோயிலுக்கு ஓடினால் மத்தியானம் நடை சாத்தியாயிற்று. 108 திருப்பதிகளில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயில் அது, பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். தமிழ்நாட்டில் மத்தியானம் கோயில் பூட்டுவார்கள் என்பது இத்தனை வருசமாகச் சனத்தைக் கூட்டிப்போகிற ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

பதினோராம் நாள் தி. நகரில் சேலை வாங்குகிற நாள். நாங்கள் அதை விட்டுவிட்டோம். காலை ஐந்து மணிக்கே ஒரு கார் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையால் திரும்பவும் மாமல்லபுரம். சென்னையில் இருந்து 60 கிலோமீற்றருக்குள்தான். ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், நேற்றுப் பார்த்த ஊரா இது என்று இருந்தது.

முதலில் ஐந்து ரதம். எனக்குத் தொழில் வீட்டுத்திட்டங்களுக்கு மேற்பார்வை, ஆகவே கட்டடம் என்றால் அத்திவாரத்தில் இருந்துதான் கண் போகும். இங்கே அந்தக் கணக்கே சரிவராது. கட்டினது ஒன்றுமில்லை, நின்ற பாறையை மேலே இருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு, மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்து வேலை என்று பொதுவாகச் சொல்வார்கள். தர்மராச ரதத்தில் மேல் அடுக்குகள் எல்லாம் நுணுக்கமாக முடிந்திருக்க, கீழ்த்தளத்துத் தூண்கள் அரைகுறையாக நிற்கின்றன. அம்மா பார்த்துவிட்டு, "காசு முடிஞ்சுபோச்சாக்கும், எங்கட வீட்டுத்திட்டம் மாதிரி" என்றா. எங்கட வீடுகள் கதவு யன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்தோடு நின்றுபோகும், மேலே ஒன்றும் இராது. இங்கே மேலே முடிந்து கீழே நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாண்டவர் பெயரெல்லாம் பிறகு சனம் வைத்தது, பாரதக் கதைக்கும் இந்தக் கல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திரௌபதி ரதம் என்பது உண்மையில் துர்க்கைக்குச் செதுக்கின கோயில், கூரை அப்படியே கிடுகு வேய்ந்த குடில் போல இறங்குகிறது. 2010இல் மீள்குடியேறி வந்த புதிதில் நாங்கள் இருந்த கொட்டிலின் கூரையும் இந்தச் சரிவுதான், தறப்பாள்தான் குறை. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கிறது, தூங்கானை மாடம் என்பார்கள். பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்திருக்கிறான் பாருங்கள், அந்தச் சிற்பிக்குப் பகிடி தெரிந்திருக்கிறது.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சரிவில் நிற்கிற பெரிய கல், ஏறக்குறைய 250 தொன் என்கிறார்கள், 1908இல் சென்னை ஆளுநர் ஏழு யானையை விட்டு இழுத்தும் அசையவில்லை என்றும் ஒரு கதை. எல்லாரும் தள்ளுவது போல நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

ஆனால் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றோம். 90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம், நடுவில் இயற்கையாக வந்த வெடிப்பு. அந்த வெடிப்பையே கங்கையாக்கி நாகர்களை அதற்குள் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மேலே தொட்டி கட்டித் தண்ணீரை விட்டிருப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். தவம் செய்கிறவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கீழே வலப்பக்கம் ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். உருத்திராட்சப் பூனை என்று வாயால் எத்தனை தரம் சொல்லியிருப்போம், அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். அம்மா மெதுவாகக் குனிந்து பொறுப்பாளரின் பெயரைச் சொன்னா. காலையிலும் மாலையிலும் மூன்று குறி விபூதியோடு வருவார் அவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பெருமாள் கோயிலும் திறந்திருந்தது, அம்மாவுக்குத் தீர்த்தம் கிடைத்தது, சந்தோசம். பிறகு திரும்பக் கடற்கரைக் கோயில். இது செதுக்கினது அல்ல, வெட்டின கல்லை அடுக்கிக் கட்டினது. இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இரண்டு சிவன் சந்நிதி, நடுவில் பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள். உப்புக்காற்று முகங்களைத் தின்றுவிட்டது. கடலை மறிக்கக் கல்லணை, காற்றை மறிக்கச் சவுக்கு. கிழக்குச் சந்நிதியின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குட்டி முருகன். நேற்றுக் கூட்டத்தில் அம்மா அதைக் காணவே இல்லை. இன்றைக்குக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டா, ஐயர் இல்லை என்ற பேச்சு வரவில்லை.

ஆனால் கடலைப் பார்க்கவில்லை. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவிலும் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பா, சின்னம்மா அன்றைக்குப் போனவா. இந்தப் பழைய துறையில் இருந்துதான் பல்லவரின் கப்பல்கள் மானவர்மன் என்ற சிங்கள இளவரசனுக்கு அரசு பிடித்துக் கொடுக்க எங்கட நாட்டுக்கு வந்தன என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

ஓட்டோக்காரர், "நீங்க யாழ்ப்பாணமா?" என்றார். இல்லை அண்ணா, வன்னி என்றேன். "அதே தானே" என்றார், விட்டுவிட்டேன். அவர்தான் ஐந்து கிலோமீற்றர் தள்ளிச் சாளுவன்குப்பத்துக்குக் கூட்டிப்போனார். அதே சுனாமி மண்ணை அரித்தபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டு, அதை வைத்துத் தோண்டிப் பார்த்தால் அடியில் செங்கல்லால் கட்டின பழைய முருகன் கோயில், வாசலில் கல் வேல். அம்மா வேலைத் தொட்டுப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவவும் சொல்லவில்லை.

திரும்பும்போது உளிச்சத்தம் கேட்ட ஒரு பட்டறையில் மாக்கல் பிள்ளையார் ஒன்று வாங்கினோம், அம்மா பேரம் பேசின விதத்தைப் பார்த்துக் கடைக்காரரே ஒரு குட்டி எலியைச் சும்மா தந்தார்.

போன கிழமை பொறுப்பாளர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார், தைக்குப் பிறகு இன்னொரு யாத்திரையாம், ஆட்கள் சேர்க்கிறாராம். அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமல்லபுரம் எத்தினை மணிக்குத் தம்பி?" என்றா. "காஞ்சிபுரம் முடிச்சு மத்தியானம் போல போயிடலாம் அம்மா." "சரி, முதல் அந்த 560ஐ ரெண்டு பேருக்கும் குடுத்து விடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டா. இதை எழுதும்வரை காசு வரவில்லை.