சுண்டுவிரல் மரத்துப் போனதற்கு 17,000 ரூபாய்: ஹேண்டில்பார் மாற்றப் போகிறவர்கள் படிக்கவும்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கடையை விட்டுவிட்டு அடுத்த தெருக் கடையில் போய் இதே போல ஏமாறுவீர்கள். சென்னையில் இருக்கிறது, கண்ணாடிக் கதவு உண்டு, உள்ளே நுழைந்ததும் காபி தருவார்கள் என்பது வரை சொல்கிறேன்.

என் சைக்கிள் ஐந்து வருடப் பழைய ஹைப்ரிட், அதாவது சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை. நேரான ஹேண்டில்பார், வி பிரேக் (நீண்ட இரண்டு கைகள் சக்கர விளிம்பை இருபுறமும் கவ்வும் வகை), முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் எட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவேன். பொங்கல் விடுமுறையில் நண்பர் ஒருவருடன் கடற்கரையோரமாகவே கன்னியாகுமரிக்குப் போவதாக ஏற்பாடு. ஒத்திகையாக ஆயுத பூஜை விடுமுறையில் திருவான்மியூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போனேன். கல்பாக்கம் தாண்டியதும் வலது கைச் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிர விரலிலும் பாதி. அன்று இரவு தோசையை விண்டு எடுக்கக் கை ஒத்துழைக்கவில்லை. மூன்று நாள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினேன்.

இது நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். அல்நார் நரம்பு உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டின் அடியில் ஒரு குறுகலான வழியாகப் போகிறது. உடம்பின் பாரத்தை மணிக்கணக்கில் அந்த இடத்தில் ஊன்றினால் நரம்பு நசுங்கி, அது ஆளும் ஒன்றரை விரல் மரத்துப்போகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் அது வேறு நரம்பு, வேறு கதை. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கை வலிக்கிறது, ஆகவே கை பிடிக்கும் பொருளை மாற்ற வேண்டும். அந்த எண்ணத்தோடு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைத்திருக்க மாட்டார்.

உரிமையாளருக்கு முப்பது வயது இருக்கலாம். சுவரில் லடாக் படங்கள். "சார், உலகம் சுற்றுகிறவர்கள் யாராவது நேரான பார் வைத்திருக்கிறார்களா? டிராப் பார் போட்டுவிடுங்கள், கைக்கு மூன்று நான்கு பிடி கிடைக்கும், விரல் மரக்கவே மரக்காது" என்றார். டிராப் பார் என்றால் பந்தய சைக்கிளில் இருப்பது போல இரண்டு முனையும் கீழே வளைந்த பார். ஒரு பாரைக் கையில் தந்து, நெடும்பயணத்துக்கென்றே செய்தது, நடுவில் 31.8 மி.மீ. பருமன், உங்கள் ஸ்டெம்முக்கு (பாரைச் சைக்கிளோடு கவ்விப் பிடிக்கும் துண்டு) அப்படியே பொருந்தும் என்றார். அரை மணி நேரம் பேசினார். சைக்கிளில் ஏறி உட்காருங்கள் பார்க்கலாம் என்று மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பார் 3,800 ரூபாய். சரி என்று தலையாட்டிய பிறகுதான் அதன் வால் நீண்டது. நேரான பாரில் கை பிடிக்கும் பகுதி 22.2 மி.மீ. பருமன், டிராப் பாரில் 23.8. ஆகவே பழைய பிரேக் லீவரும் கியர் ஷிப்டரும் அதில் ஏறாது. இரண்டையும் சேர்த்துச் செய்த சாலைப் பந்தய வகை லீவர் ஜோடி 9,500. கேபிள் 800, பாரில் சுற்றும் டேப் 900, கூலி 2,000. ரசீதில் "ஹேண்டில் செட் – 1, சர்வீஸ்" என்று மட்டும் எழுதினார்கள். அடியில் வழக்கமான வாசகம்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. என் பழைய பாரை நான் கையோடு எடுத்துக்கொண்டேன். லீவர்களைத் துடைத்து எண்ணெய் விட்டு வைக்கிறோம், பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்.

டிசம்பர் நடுவில் பக்கப் பைகள் இரண்டையும் கட்டி, 14 கிலோ பாரத்துடன் மறுபடியும் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன். வாடைக்காற்று முதுகைத் தள்ளியது. கோவளத்துக்குள்ளேயே பின் சக்கரம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. பாரத்தில் சக்கரம் கொஞ்சம் கோணியிருக்கும் என்று கேபிளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போனேன். மாமல்லபுரம் திருப்பத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது லீவரை அழுத்தினேன். அது முழுவதுமாக மடங்கி வந்து பாரில் முட்டிவிட்டது. சக்கரமோ உருண்டுகொண்டே இருந்தது. செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன், சிறுவயதில் வாடகை சைக்கிளை நிறுத்தியது போல.

அதோடு திரும்பியிருக்க வேண்டும். கட்டைகளை மறுபடி நெருக்கிவைத்து, உரசட்டும் என்று போனேன். மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஒரு வேகத்தடை. முன் சக்கரம் அதில் ஏறி இறங்கியதும் கையில் பிடித்திருந்த பார் முழுவதும் கீழ்நோக்கிச் சுழன்றது. முகம் சக்கரத்தின் மேல் போய்க் கவிழ்ந்தது. பின்னால் லாரி இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். முழங்காலில் தோல் உரிந்ததோடு தப்பினேன். மீதி 30 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கையை ஸ்டெம் மீது வைத்துக்கொண்டு நத்தை போல ஊர்ந்தேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரியவரிடம் போனேன். கண்ணாடிக் கதவு கிடையாது, ஒரு தாழ்வாரமும் ஒரு முக்காலியும்தான். ஸ்டெம்மின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி முன்தகட்டை எடுத்தார். உள்ளே ஒரு அலுமினிய வளையம்; அதற்கும் உள்ளே, பாரின் மேல், குளிர்பான டப்பாவை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். மூன்று சுற்று. அச்சடித்த சிவப்பு வண்ணம் அப்படியே இருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்து காட்டினார். என் ஸ்டெம்மின் வாய் 31.8. கடைக்காரர் விற்ற பாரின் நடுப்பகுதி 31.8 அல்ல, 25.4. மலிவான சிறுவர் "ரேஸ்" சைக்கிள்களில் வரும் அளவு என்றார். இடைவெளியை நிரப்ப வளையம் போடுவது தவறில்லை, அதற்கென்றே விற்கிறார்கள். ஆனால் இவர்கள் கையில் இருந்தது 26.0 பாருக்கான வளையம். மிச்சமிருந்த 0.6 மி.மீ.தான் டப்பாத் தகட்டில் வந்து நின்றது. தகடு ஒன்றின் தடிமன் 0.1 அளவு, மூன்று சுற்று, இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.6. "கணக்கு மட்டும் சரியாகப் போட்டிருக்கிறான் தம்பி" என்றார்.

பிறகு பிரேக். வி பிரேக்கின் கைகள் நீளமானவை. அவற்றை அசைக்கக் கேபிளை நிறைய இழுக்க வேண்டும்; பழைய சாலை வகை பிரேக்கைப் போல ஏறக்குறைய இருமடங்கு. எனக்குப் போட்ட லீவர் குறைவாக இழுக்கும் வகை. கடையில் கட்டைகளை விளிம்பை ஒட்டினாற்போல் வைத்துவிட்டதால் அங்கே ஓட்டிப் பார்த்தபோது பிடித்தது. இடையில் போட ஒரு சின்னக் கப்பி கிடைக்கும், அல்லது கை குட்டையான வி பிரேக் மாற்றலாம். இரண்டையும் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. லீவரின் ரப்பர் உறையைச் சுருட்டினால் அடியில் பழைய பட்டை இறுக்கிய கீறல்கள். புதியது என்று சொல்லி விற்ற லீவர், யாரோ ஓட்டித் தள்ளியது. முன் கியர் மூன்றாவது பற்சக்கரத்துக்கு ஏறாமல் நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டியதற்கும் இதே வகைப் பொருத்தமின்மைதான் காரணம். பின் கியர் மட்டும் ஒழுங்காக ஓடியது. அதே கம்பெனியின் எட்டு கியர்ப் பொருட்களில் சாலை வகை, நேரான பார் வகை இரண்டுக்கும் பின்பக்கக் கேபிள் கணக்கு ஒன்றாக இருப்பது என் அதிர்ஷ்டம்.

இவ்வளவுக்கும் பிறகு கேட்டேன்: "சரி ஐயா, விரல் ஏன் மரத்தது?" அவர் கொத்தனார் வைத்திருப்பது போன்ற ஒரு சின்ன ரசமட்டத்தைக் கொண்டுவந்து சீட்டின் மேல் வைத்தார். குமிழி பின்னால் ஓடிவிட்டது. சீட்டின் மூக்கு ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. ஐந்து வருடமாக நான் முன்னால் வழுக்கிக்கொண்டும், வழுக்காமல் இருக்கக் கைகளால் உந்திக்கொண்டும் ஓட்டியிருக்கிறேன்! அந்த உந்துதல் முழுவதும் உள்ளங்கையில் விழுந்தது. ஆறு மி.மீ. ஆலன் சாவியால் ஒரு திருகு. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஹைப்ரிட் சைக்கிளின் சட்டத்தில் (ஃப்ரேம்) மேல் குழாயை நீளமாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் நேரான பார் ஓட்டுகிறவரை நோக்கி வளைந்து வருவதில்லை, முன்னாலும் போவதில்லை. அதே சட்டத்தில் டிராப் பார் போட்டால் லீவரின் மேல் கை வைக்கும் இடம் முன்னால் தள்ளிப் போகிறது. எனக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் போயிருந்தது. வலிக்கு மருந்தென்று வாங்கியது வலியை வளர்க்கும் பொருள். டிராப் பார் மீது எனக்குப் பகை இல்லை; அதற்கென்று செய்த சட்டத்தில் அது அருமையானது. பிடிகள் அதிகம் வேண்டும் என்பவர்கள், ஐரோப்பியப் பயணிகள் வைத்திருக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவ பாரைப் பாருங்கள். பிடி 22.2தான், இருக்கும் லீவரும் ஷிப்டரும் அப்படியே ஏறும். என் நண்பர் அதைத்தான் வைத்திருக்கிறார். அவரை முன்பே கேட்டிருக்கலாம்.

சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்னை திரும்பினேன். கடையில் வரவேற்பு மாறியிருந்தது. காபி இல்லை. டப்பாத் தகட்டைக் காட்டினேன். "வழியில் யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள் சார், எங்கள் வேலை இது இல்லை" என்றார். நல்லவேளையாகப் பெரியவர் கழற்றும்போதே ஒவ்வொரு படியையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். படத்தைக் காட்டியதும் கடைக்காரரின் விரல் ரசீதின் அடிவரிக்குப் போனது. பழைய லீவர்கள் எங்கே என்றேன். குப்பையோடு போய்விட்டதாம்.

அந்த அடிவரிக்கு அவர்கள் நினைக்கும் பலம் கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் வழி சொல்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் ஆணையம் வரை போகவில்லை. இதையெல்லாம் எழுதிப் படங்களை இணைத்துப் பதிவுத் தபால் ஒன்று அனுப்பினேன். பத்தாம் நாள் 9,500 ரூபாய் கணக்கில் வந்தது. மீதி 7,500க்கு அலைய எனக்குத் தெம்பு இல்லை. அந்தத் தெம்பின்மைதான் அவர்களுடைய லாபம் என்று தெரிந்தும்.

உங்களுக்கு நடந்தால் என் ரசீதில் எங்கே ஓட்டை இருந்தது என்று பாருங்கள். "ஹேண்டில் செட்" என்று எழுதிய இடத்தில் பாரின் நடுப் பருமன், லீவரின் மாதிரி எண், புதியதா பழையதா என்பது எழுதியிருந்தால் அவர் வாதாடவே முடியாது. எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். பாரைப் பொருத்தும்போது கூடவே நில்லுங்கள். டேப் சுற்றுவதற்கு முன் முன்தகட்டை உங்கள் கண்ணெதிரே மூடச் சொல்லுங்கள். தகட்டின் மேலும் கீழும் இடைவெளி பொதுவாக ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், 5 நியூட்டன் மீட்டர் போல. அதற்குரிய சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். பொருத்திய பிறகு நின்ற இடத்தில் லீவர்களின் மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு கீழே அழுத்துங்கள். என் பார் மரக்காணத்தில் செய்ததைக் கடை வாசலிலேயே செய்திருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலேயே சீட்டின் மேல் ஒரு மட்டத்தை வைத்துப் பாருங்கள். கைப்பேசியிலும் மட்டம் இருக்கிறது.

நான் கடைசியில் பழைய நேரான பாருக்கே திரும்பினேன். ஸ்டெம்மை 110 மி.மீ. நீளத்திலிருந்து 90க்குக் குறைத்தேன். உள்ளங்கையைத் தாங்கும் அகலமான பிடி, நுனியில் இரண்டு குட்டிக் கொம்புகள், புது லீவர், புது ஷிப்டர் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பொங்கலுக்குப் போக முடியவில்லை, மாசியில் கன்னியாகுமரிக்குப் போனோம். ஏழாம் நாளும் சுண்டுவிரல் விழித்தே இருந்தது.

ஒரு வேண்டுகோள். பழைய லீவர்கள் குப்பைக்குப் போனதை நான் நம்பவில்லை. கறுப்பு நிற வி பிரேக் லீவர் ஜோடி ஒன்றை யாராவது "புதியது" என்று சொல்லி உங்களுக்கு விற்றால் இடது லீவரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன் பிரேக் எது, பின் பிரேக் எது என்று குழம்பாமல் இருக்க என் மகள் சிவப்பு நகப்பூச்சால் அங்கே ஒரு பொட்டு வைத்திருந்தாள்.