கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

எனக்கு 43 வயது, திருச்சி. போன ஆடியில் மாதவிலக்கு வந்து பத்து நாளாகியும் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 4 செ.மீ. ஃபைப்ராய்டு என்று வந்தது. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் கவரிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. “ரெண்டு குழந்தை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துடலாம். விட்டா கேன்சராயிடும்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கும் வீட்டுக்காரருக்கும் வேறெதுவும் காதில் ஏறவில்லை. அடுத்து அவர் கேட்டது, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒன்பது மணி. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நர்ஸ் நாலைந்து தாளை நீட்டினார். எல்லாம் ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. போட்டேன்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் உடம்பு திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. ஆபரேஷன் சூடு, போகப்போகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். மார்கழியில் கோலம் போடக் குனிந்தால் நைட்டி முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்வை. அப்புறம்தான் மகள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டு, “அம்மா, கர்ப்பப்பையோட ஓவரி, அதான் சினைப்பை, ரெண்டையும் ஏன் எடுத்தாங்க?” என்றாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் அதே ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அரை மணி நேரம் விளக்கினார். இந்தக் கட்டி புற்றாவது மிக மிக அபூர்வம். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். என் மாதிரி கேஸில் முதலில் இரும்புச்சத்து, ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் மாத்திரை. அடங்கவில்லையென்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் உள்வழியாகவே சீவி எடுக்கலாம். கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனும் உண்டு, ஆனால் மறுபடி முளைக்கலாம். தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் முறையும் இருக்கிறது. அதைச் செய்பவர் ரேடியாலஜி டாக்டர். அதனாலோ என்னவோ, முதலில் பார்த்த இடத்தில் அதன் பெயரே வரவில்லை.

கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. என் சித்திக்கு ஐந்து மாத வயிறு போலக் கட்டி, அவருக்கு எடுத்ததுதான் சரி. ஆனால் ஃபைப்ராய்டுக்காக நன்றாக இருக்கிற சினைப்பைகளை எடுக்கத் தேவையில்லை. இந்த வயதில் அவற்றை எடுத்தால் மாதவிலக்கு முடிவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. எனக்கு வந்த எரிச்சலும் வேர்வையும் அதனால்தான். எலும்பும் இதயமும் அடி வாங்கலாம். எதை எடுக்கப்போகிறார்கள், எதை விடப்போகிறார்கள் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெரிந்த வக்கீல் சமீரா கோலி வழக்கைச் சொன்னார். சமீரா என்ற அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தது தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பதும் விதி.

எழுதிக் கொடுத்துக் கேட்டேன். மூன்றாம் நாள் ஃபைல் வந்தது. என் கையெழுத்து நீல மையில். சினைப்பை அகற்றம் என்ற வரி மட்டும் கறுப்பு மையில், இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதியிருக்கிறது.