கருவியே இல்லாமல் ஒரு ‘காலிபிரேஷன்’: திரையின் படத்தரத்தை உயர்த்தித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

அப்பா எடுத்த பழைய புகைப்படங்களை ஆல்பமாக்கும் வேலையில் ஏழு மாதங்களாக இருக்கிறேன். நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, மங்கிப்போன நிறத்தை மீட்டு, மொத்தம் நூற்றுப் பத்துப் படங்கள். அதற்காகவே புதிய மானிட்டர் ஒன்று வாங்கினேன். நல்ல திரை; அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாங்கிய பத்தாம் நாள் ‘படத்தர மேம்பாட்டுச் சேவை’ என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம்தான் ஏமாந்தேன். அதனால் ஆல்பத்தின் முதல் பிரதி முழுவதும் வீணானது. அதே சேவை இன்றும் விற்கப்படுகிறது; அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

தொலைபேசியில் அவர்கள் சொன்னது இதுதான்: “தொழிற்சாலையிலிருந்து வரும் எந்தத் திரையும் பாதித் திறனில்தான் இயங்கும். நாங்கள் காலிபிரேஷன் செய்து முழுத் திறனையும் வெளியே கொண்டுவருவோம். சான்றிதழும் தருவோம்.” கேட்ட கட்டணம் திரையின் விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. புகைப்பட வேலைக்குக் காலிபிரேஷன், அதாவது திரை காட்டும் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்வது, அவசியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் செய்வார்கள் என்பதை நேரில் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில்தான் அவர்கள் நுழைந்தார்கள்.

வந்தவர் நாற்பது நிமிடம் வேலை செய்தார். கையில் ஒரு பென் டிரைவும் ஒரு கேபிளும் மட்டும். திரையின் மெனுவைத் திறந்து ஏதேதோ மாற்றினார். பிறகு பென் டிரைவிலிருந்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். கறுப்புப் பின்னணியில் பூக்கள், நீர்த்துளிகள், கிளியின் இறகு. “முன்பு, பின்பு” என்று மாற்றி மாற்றிக் காட்டினார். பின்னதில் வெள்ளை பளீரென்றிருந்தது, சிவப்பு கண்ணைப் பறித்தது, இறகின் ஒவ்வோர் இழையும் வரைந்து வைத்ததுபோல் தெரிந்தது. நான் அசந்துபோனேன். பழைய எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டுத் தங்கமுலாம் பூசிய புதிய கேபிளைச் செருகி, அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார். கடைசியில் முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றை நீட்டினார். அதில் ‘சராசரி டெல்டா இ 1.2’ என்று அச்சிட்டிருந்தது.

அடுத்த ஐந்து மாதங்கள் அந்தத் திரையை நம்பி எல்லாப் படங்களையும் திருத்தினேன்.

ஆல்பம் அச்சாகி வந்த அன்று முதல் பக்கத்தைத் திருப்பியதுமே நெஞ்சு கனத்துவிட்டது. முகங்கள் எல்லாம் இருண்டிருந்தன. வெள்ளைச் சுவர்கள் மஞ்சள் பாரித்திருந்தன. அப்பா எப்போதும் அணியும் பச்சைச் சட்டை, உலர்ந்த இலையின் நிறத்தில் இருந்தது. படங்கள் கூர்மையும் இல்லாமல் சற்று மசமசவென்று தெரிந்தன. அச்சகத்தாரோடு சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாக, “உங்கள் கோப்பில் இருப்பதைத்தான் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் திரையை யார் அளந்தது?” என்று கேட்டார். அவரிடம் கோபப்பட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அச்சுத்துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் நிறத்தை அளக்கும் தன் கலரிமீட்டரோடு வந்தபோதுதான் எல்லாம் விளங்கியது. திரை 340 நிட் ஒளியைக் கொட்டிக்கொண்டிருந்தது. நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு: ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா. அச்சுக்கான வேலையில் 80 முதல் 120 நிட்டுக்குள் வைத்துக்கொள்வதே வழக்கம். அத்தனை வெளிச்சத்தில் எந்தப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். எனவே நான் ஒவ்வொரு படத்தையும் இருட்டாக்கியிருக்கிறேன். திரையின் வெள்ளை ஏறத்தாழ 9000 கெல்வினில், நீலம் தூக்கலாக இருந்தது. வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு கெல்வின்; எண் கூடக்கூட நீலம் ஏறும். இருக்க வேண்டியது டி65 என்று சொல்லப்படும் பகல் வெளிச்ச வெள்ளை, அதாவது சுமார் 6500 கெல்வின். திரை காட்டிய நீலத்தைச் சரிக்கட்ட நான் படத்தில் மஞ்சளைச் சேர்த்திருக்கிறேன். காகிதத்தில் அந்த மஞ்சள் மட்டும் மிஞ்சியது. நிறச்செறிவு மெனுவில் கூட்டப்பட்டிருந்ததால் படத்தில் குறைத்திருக்கிறேன்; பச்சைச் சட்டை வெளிறியது அப்படித்தான். ஷார்ப்னஸ் 50-லிருந்து 90-க்கு ஏற்றப்பட்டிருந்ததால் கூர்மை போதும் என்று விட்டிருக்கிறேன். அச்சு மசமசத்தது அதனால்தான். அந்த மனிதர் மெனுவில் தொட்ட ஒவ்வொன்றும் என் கையைத் தப்பான திசைக்கு இழுத்திருக்கிறது. என் ஐந்து மாத உழைப்பு அத்தனையும் அந்தப் பொய்த் திரைக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்திருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான்: ‘விவிட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கான பேக்லைட்டை முழுதாக ஏற்றி, வெள்ளையைக் ‘கூல்’ பக்கம் தள்ளி, காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் இருளையும் தானாக மிகைப்படுத்தும் டைனமிக் கான்ட்ராஸ்டை முடுக்கிவிட்டது. விளக்குகள் நிறைந்த விற்பனைக்கூடத்தில் பத்துத் திரைகளுக்கு நடுவே ஒன்று எடுபட வேண்டும் என்பதற்காக இருக்கும் அமைப்பு அது. இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் பிரகாசமானதையே நம் கண் ‘நல்ல படம்’ என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டால் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறதல்லவா, திரையில் நீலச்சாயல் ஏற்றுவதும் அதே வேலைதான். அப்போது நான் என்னுடைய புகைப்படம் ஒன்றைத் திறக்கச் சொல்லியிருந்தால் குட்டு உடைந்திருக்கும். கிளியின் இறகு உண்மையில் என்ன நிறம் என்பது எனக்குத் தெரியாது. என் அப்பாவின் முகம் தெரியும்.

ஷார்ப்னஸைப் பற்றி ஒரு சொல். அதற்குப் படத்தில் இல்லாத நுணுக்கத்தை உண்டாக்கும் சக்தி கிடையாது. இருண்ட விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு வெளிர்க்கோட்டைப் போட்டு விளிம்பை எடுப்பாகக் காட்டுகிறது, அவ்வளவே. சாம்பல்நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளை வைத்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். வளையம் மறையும் வரை குறையுங்கள். நடுநிலை மதிப்பு சில திரைகளில் 0, சிலவற்றில் 50, எனவே எண்ணைப் பார்க்காமல் வளையத்தைப் பாருங்கள்.

இனி அந்தச் சான்றிதழ். டெல்டா இ என்பது இருக்க வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறிக்கும் எண். 1-க்கு அருகில் இருந்தால் கண்ணால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். அந்த எண் வேண்டுமென்றால் அளந்தாக வேண்டும். அளப்பதற்குக் கலரிமீட்டர் அல்லது ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். கலரிமீட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதைத் திரையின்மேல் ஒட்டினாற்போலத் தொங்கவிட்டால், மென்பொருள் நிறச் சதுரங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, கருவி அளந்துகொண்டே போகும். கடைசியில், திரையின் நிற இயல்பைக் கணினிக்குச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் என்ற சிறு கோப்பு உருவாகிக் கணினியில் பதிவாகும். என் கணினியில் அப்படி ஒரு கோப்பே இல்லை. என் திரையை எந்தக் கருவியும் தொடவில்லை. அப்படியானால் 1.2 எங்கிருந்து வந்தது?

இதே ஆட்களிடம் சேவை வாங்கிய இன்னொருவரைத் தேடிப் பிடித்தேன். அவருடைய திரை வேறு நிறுவனத்துடையது, வேறு அளவு, படத்தைக் காட்டும் பேனலின் வகையும் வேறு. அவருடைய சான்றிதழிலும் 1.2. கீழே பட்டியலிட்டிருந்த 24 நிறங்களின் மதிப்புகளும் தசமப்புள்ளிவரை என்னுடையவையே. ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கிய இரண்டு திரைகளை அளந்தால்கூட எண்கள் இப்படி ஒத்துவராது. ஒரு தாளை ஒருமுறை தட்டச்சு செய்து எல்லோருக்கும் விற்கிறார்கள்.

“அனுபவமுள்ள கண் போதும்” என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். எந்த வெள்ளையை எதிரில் வைத்தாலும் சில நிமிடங்களில் நம் பார்வை அதையே வெள்ளை என்று பழக்கிக்கொள்ளும். 9000 கெல்வினை ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நீலமாகவே தோன்றவில்லை. சரியான வெள்ளைக்கு மாற்றிய முதல் ஒரு மணி நேரம் திரை மஞ்சளாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் அதுவே இயல்பாக இருந்தது. பழகிப்போகும் கண்ணால் அளக்க முடியாது என்பதால்தான் கருவி.

கேபிள் விஷயம் இதைவிடக் கொடுமை. “நிறம் முப்பது சதவீதம் கூடும்” என்றார். எச்டிஎம்ஐ வழியே போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேரும்; அல்லது பிழை நேர்ந்து திரையில் வெண்புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், திரை கறுத்துப்போகும். சிவப்பை மட்டும் அழகாக்கும் கேபிள் என்று ஒன்று இல்லை. 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0-இன் 18 ஜிகாபிட் வேகம் போதும். அதற்குமேல் வேண்டுவோருக்கு 2017-இல் வந்த 2.1 நொடிக்கு 48 ஜிகாபிட்வரை போகிறது. அந்த வேகத்துக்குச் சான்று பெற்ற சாதாரணக் கேபிள் வாங்கினால் வேலை முடிந்தது. என் பழைய கேபிளை மீண்டும் செருகி அளந்து பார்த்தோம். எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்த வருகையில் “எச்டிஆரைத் திறந்துவிடுகிறேன்” என்று முன்பணமும் கேட்டார். நல்லவேளை, அதைக் கொடுக்கவில்லை. எச்டிஆர் என்பது மிகப் பிரகாசமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் காட்டும் முறை. பெட்டியில் ‘எச்டிஆர் 10’ என்று இருந்தால் அந்தச் சிக்னலைத் திரை ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதைக் காட்டும் வெளிச்சமும் ஆழ்ந்த கறுப்பும் பேனலில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்காகவே, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்பிளேஎச்டிஆர் என்ற தரப்பிரிவுகளை 400, 600, 1000 என்று வகுத்தது. அந்த எண்கள் உச்ச வெளிச்சத்தின் நிட் அளவு. 300 நிட் சொச்சமே தரும் ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பேனலில், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலுள்ள கான்ட்ராஸ்டை வைத்துக்கொண்டு, எந்த மெனுவைத் திறந்தாலும் எச்டிஆர் பிறக்காது. பேனலில் இல்லாததை யாராலும் ‘திறக்க’ முடியாது.

படம் உண்மையிலேயே மேம்பட வழி இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, பெரும்பாலும் செலவே இல்லை. முதலில் திரையின் இயல்பான தெளிவுத்திறனிலேயே கணினி இயங்குகிறதா என்று பாருங்கள். 3840 × 2160 திரைக்கு 1920 × 1080 அனுப்பினால் எழுத்துகூட மங்கும். படம் முழுக்க வெளிறித் தெரிந்தால், கணினி கறுப்பு முதல் வெள்ளைவரை 16 முதல் 235 வரையுள்ள மதிப்புகளாக அனுப்ப, திரை 0 முதல் 255 வரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் ஒரே வரம்புக்குக் கொண்டுவந்தால் கறுப்பு கறுப்பாகிவிடும். இதைத்தான் பலர் ‘பேனல் பழுது’ என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 1999-இல் சர்வதேசத் தரமாக்கப்பட்ட அந்த நிறவெளிதான், அதாவது எந்தெந்த நிறங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறைதான், பெரும்பாலான படங்களுக்கு அடிப்படை. பிறகு அறை வெளிச்சத்துக்கு ஏற்றபடி பேக்லைட்டை இறக்குங்கள். சில திரைகளில் ‘பிரைட்னஸ்’ என்ற பெயரில் இருப்பது கறுப்பின் அளவை மாற்றும். ஒளியை மாற்றுவது ‘பேக்லைட்’. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நிழல் பகுதிகள் புதைந்துபோகும். இவ்வளவுக்குப் பிறகும் அச்சு வேலைக்குத் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு கலரிமீட்டரை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள்.

டிவிக்கும் இதே ஆட்கள் இதே சேவையை விற்கிறார்கள். நொடிக்கு 24 பிரேம்களில் எடுத்த படத்தை வழவழவென்று ஓடவைத்து “மேம்படுத்திவிட்டோம்” என்பார்கள். அந்தச் செயற்கை வழவழப்பையும் கூடுதல் ஷார்ப்னஸையும் அணைத்து, வெள்ளையை டி65-இல் வைப்பதற்காகவே டிவி, திரைப்பட நிறுவனங்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் 2019-இல் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பை அறிவித்தது. உங்கள் டிவியில் அது இருந்தால் ஒரு பொத்தானில் முடிந்துவிடும். எப்போதும் முழு வெளிச்சத்தில் ஓடவிட்டால் எல்சிடி திரைகளின் பேக்லைட் சீக்கிரம் தளரும். ஓஎல்இடி திரைகளில் அசையாத படங்களின் தடம் பதியும் வாய்ப்பும் கூடும். காசைக் கொடுத்துத் திரையின் ஆயுளையும் சேர்த்துக் கொடுப்பது போலாகும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: “நிறம் அவரவர் கண்ணைப் பொறுத்தது.” கண்ணைப் பொறுத்தது என்றால் 1.2 என்று எப்படி அச்சிட்டீர்கள், எந்தக் கருவி, அதன் வரிசை எண் என்ன என்று எழுதினேன். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு வந்தது: “எங்கள் ஊழியர் எந்த மதிப்பை மாற்றினார் என்பதற்கு ஆதாரம் உண்டா? அந்த அமைப்புகளை நீங்களே பிற்பாடு மாற்றியிருக்கலாம்.” என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் வருவதற்கு முன் மெனு எப்படி இருந்தது என்று நான் குறித்துவைக்கவில்லை. இப்போது இரண்டு சான்றிதழ்களின் நகல்களையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 24 எண்கள்தான் என் ஒரே பிடி.

ஆகவே, யாரை வீட்டுக்குள் விட்டாலும், அவர் கைவைப்பதற்கு முன் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி எடுங்கள். கருவி திரையில் தொங்கும்போதும் ஒன்று எடுங்கள். தொங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.